அனுமான் சட்டியில் மாமா வெயிலுக்குக் காத்திருந்தது

படுத்த உழவு மாடு எழுந்தால் பத்ரிநாத் வருகிறேன் என்று என் மாமா வேண்டிக்கொண்டார். மாடு மறுநாளே எழுந்துவிட்டது. மாமாதான் எழுந்திருக்க இரண்டு வருஷமாயிற்று. பள்ளிக்கூட லீவில் இருந்த நான் அரைப் புத்தகம் இந்தி படித்தவன் என்பதால் மொழிபெயர்ப்பாளன் ஆனேன்.

சித்திரைத் திருவிழா முடிந்ததும் மதுரையில் ரயிலேறினோம். ஹரித்வாருக்கு ஐந்து நாள். ரிஷிகேசத்திலிருந்து நடை, பதினாறு நாள். பத்ரிக்கு ஐந்து மைல் பாக்கி இருக்கையில் அனுமான் சட்டியில் தங்கினோம். சட்டி என்றால் அங்கே சத்திரம். நான் சொல்லும்வரை மாமா சோற்றுச் சட்டியை எதிர்பார்த்தார். சொன்ன பிறகும் எதிர்பார்த்தார்.

காலை ஐந்து மணிக்கு வழிகாட்டி பிரேம்சிங் (நாள் கூலி ஒரு ரூபாய்) வந்து அவசரப்படுத்தினார்.

"பனி விழுமாம் மாமா, உடனே கிளம்பணுமாம்" என்று மொழிபெயர்த்தேன்.

மாமா கம்பளியைத் தலைவரை இழுத்துக்கொண்டார். "பனி விழுறப்ப எவனாச்சும் வெளிய போவானா? சளி பிடிச்சிரும் மாப்ள. வெயில் வரட்டும், தன்னால காஞ்சிரும்."

அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊர் கோச்சடையில் பனி என்பது மார்கழியில் புல்நுனியில் நிற்பது. தலையில் துண்டைக் கட்டினால் தீர்ந்தது. இங்கேயோ மூன்று நாள் பெய்த புதுப்பனி, இறுகிய பழைய பனியின்மேல் ஒட்டாமல் உட்கார்ந்திருந்தது. அன்றைக்குத்தான் வானம் வெளுத்திருந்தது. வெயில் பட்டால் ஈரமேறிக் கனத்து மொத்தமாக இறங்கும் என்றார் பிரேம்சிங். எங்கள் பாதை, ஒன்றரை மணி நடைக்குப் பின், அந்தச் சரிவின் அடியில் ஓர் ஓடையைக் கடந்து போகிறது.

விளக்கினேன். "ஊர்ல வாத்தியார ஏமாத்துன மாதிரி என்னையும் ஏமாத்தாத" என்றார் மாமா. ஆறு மணிக்கு மேல் தான் வரமாட்டேன் என்றார் பிரேம்சிங். "அவன் கெடக்கான். எட்டு மணிக்கு நாம ரெண்டு பேரும் போவோம்" என்று மாமா திரும்பிப் படுத்தார். எட்டு மணிக்குப் போனால் இரண்டு பேருக்கும் அதுதான் கடைசி நடை. ஐந்தே முக்கால் ஆகிவிட்டது.

பனிப் பேச்சையே விட்டேன். "மாமா, மலைமேல கண்மாய் நெறஞ்சு நிக்கிது. கரை கசியுது. வெயில் ஏறுனா ஒடச்சுக்கிரும். நாம போற பாதை நேர் கீழ."

அவர் எழுந்த வேகத்தில் கம்பளி என் முகத்தில் விழுந்தது. "இத மொதல்லயே சொல்றதுக்கென்னடா மூதேவி! கசியிற கரைக்குக் கீழ எவனாச்சும் படுத்துக் கெடப்பானா?"

பிரேம்சிங் முன்னே போக, நாற்பதடி இடைவெளி விட்டு, ஒருவர் பின் ஒருவராக, பேசாமல் கடந்தோம். பதினொரு நிமிடம். அவ்வளவு நேரம் நான் வாயை மூடியிருந்தது அதுவே முதல் தடவை.

ஒன்பதரைக்கு, வெகுதூரம் ஏறியபின், பின்னால் வேட்டுப் போட்டதுபோல் சத்தம். சரிவு முழுக்க இறங்கி ஓடையை மூடிக்கொண்டது. பாதையில் நல்லவேளை யாரும் இல்லை. மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு, "எம்புட்டுத் தண்ணி மாப்ள! அம்புட்டும் வீணு" என்றார்.

போகிறவர்களுக்கு: புதுப்பனி பெய்திருந்தால் ஒரு நாள் கூடுதலாகத் தங்குங்கள். சரிவை வெயில் தொடுமுன் கடந்துவிடுங்கள். கும்பலாக நடக்காதீர்கள். இந்தி அரைப் புத்தகம் போதும். ஆனால் கூட வருபவருக்கு எது உடைந்தால் பயம் என்று ரயிலேறுமுன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.