கிண்ணத்தின் அடிப்பக்கம்

என் நாத்தனார் புற்றுநோய் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். செல்லின் மேல்தோலில் பொட்டாசியம் போய்வரச் சின்னச் சின்னக் கதவுகள் உண்டாம். அவை திறந்து மூடுவதுதான் புற்றுச் செல் உடம்பைச் சுருக்கி இடுக்கில் புக உதவுமாம். கதவை அடைக்கும் மருந்தோடு செல்களைச் சல்லடை அடி வைத்த சிறு கிண்ணத்தில் விடுவாள்; ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தில்லாமல் இன்னொரு கிண்ணமும் வைப்பாள். பிறகு உள்ளே தங்கியதைப் பஞ்சால் துடைத்துவிட்டு, புகுந்து அடிப்பக்கம் வந்ததை எண்ணுவாள்; அது குறைந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம்.

ஒருநாள் மருந்துக் கிண்ணத்தின் அடியில் ஒரு செல்கூட இல்லை. ஆராய்ச்சிக்கூடமே கொண்டாடியது. இவள் மட்டும் பேயறைந்ததுபோல் வீடு வந்தாள்.

"அண்ணி, கவனமில்லாம உள்பக்கத்துக்குப் பதிலா அடிப்பக்கத்தைத் துடைச்சிட்டேன். உள்ளே பார்த்தா செல் எல்லாம் அப்படியே இருக்கு. நாளைக்கு எங்க ஆராய்ச்சிக்கூடத் தலைவர், பெரியவர், கூட்டத்துல மருந்து ஜெயிச்சிடுச்சுன்னு சொல்லப்போறார். உண்மையைச் சொன்னா என் வேலை போயிடும்."

"வீட்டுல பாத்திரத்துக்கு அடின்னு ஒண்ணு இருக்கறதே உனக்குத் தெரியாது. அங்க போய் அடியைத் தேய்ச்சியாக்கும்!" என்றேன்.

சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள்.

"சொல்லிடும்மா. நோயாளி யாரும் நம்பி ஏமாறக் கூடாது. மத்ததைக் கடவுள் பாத்துக்குவார்."

கூட்டத்துக்கு முன்பே சொல்லிவிட்டாள். பெரியவர் கத்தித் தீர்த்துவிட்டு, புதுக் கிண்ணங்களை எடுத்துக் கொடுத்தாராம். மருந்தில்லாத கிண்ணத்தில் வந்ததில் பாதி, இந்தமுறை மருந்துக் கிண்ணத்திலும் வந்திருந்தது.

"பாதியைத்தான் நிறுத்துது அண்ணி. ஆனா நிஜமாவே நிறுத்துது" என்றாள்.