ஊசிக்காரி இன்ஷிராஹ்

எங்கள் கஃப்ர் ஷிஹாப் கிராமத்தில் நாற்பது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் இன்ஷிராஹின் கையைப் பற்றிச் சொல்வார்கள். குத்தியதே தெரியாத கை. பதினெட்டு வயதில் நர்ஸ் படிப்பை முடித்து ஊர்ச் சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அப்போது நெல் வயலில் இறங்கும் எல்லோருக்கும் பில்ஹார்சியா இருந்தது. வாய்க்கால் தண்ணீரில் இருக்கும் புழு தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். சிறுநீரில் இரத்தம் வரும். அதற்கு வாரம் ஒரு ஊசி, பன்னிரண்டு வாரம்.

வியாழக்கிழமை காலையில் வாசலில் அறுபது பேர் நிற்பார்கள். உள்ளே எட்டுக் கண்ணாடி சிரிஞ்சுகள்தான் இருந்தன. ஒருவருக்குப் போட்டதும் வெந்நீர்ச் சட்டியில் போட்டு எடுத்து அடுத்தவருக்குப் போடுவாள். இருபது நிமிடம் கொதிக்க வேண்டும் என்று படித்திருந்தாள். அறுபது பேருக்கும் அப்படிச் செய்தால் பொழுது சாய்ந்துவிடும். அப்போதிருந்த டாக்டருக்கு மதிய பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். “போதும், எடு” என்பார். அவளும் எடுத்தாள்.

புழு செத்தது. கூடவே வேறொன்று கைக்குக் கை போய்க்கொண்டிருந்தது. அன்று அதற்குப் பெயர்கூட யாரும் வைத்திருக்கவில்லை.

பெயர் தெரியவந்தபோது அவள் கணவன் ஷுக்ரிக்கு வயிறு வீங்க ஆரம்பித்திருந்தது. வைரஸ் சி, ஈரலை அரிக்கும் கிருமி. அந்தக் காலத்து மருந்தும் ஊசிதான். ஒவ்வொரு வாரமும் வீட்டில் அவளே போட்டாள். போட்ட அன்று காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போடும். ஐந்து மாதத்தில் முடி போனது, பசி போனது, நாற்பத்தைந்து வயது ஆளுக்குச் சாவு ஆசையே வந்துவிட்டது. வைரஸ் மட்டும் போகவில்லை. ஒரு நாள் இரத்த வாந்தி எடுத்தான். மன்சூரா ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு பத்து வருடம் இன்ஷிராஹ் தன் இரத்தத்தைச் சோதித்துப் பார்க்கவில்லை. நர்ஸ் ஆயிற்றே, ஏன் பார்க்கவில்லை என்று ஒருமுறை கேட்டேன். நான் அவளுக்கு அடுத்த வீடு, எதையும் கேட்கலாம். “தெரிஞ்சு என்ன பண்றது? அவர் பட்ட பாட்டைப் பாத்துட்டுத்தானே இருந்தேன்” என்றாள்.

ஐம்பத்தைந்தாவது வயதில் தானாகவே தெரியவந்தது. மருமகளின் பிரசவத்துக்கு இரத்தம் கொடுக்கப் போனவளை, உங்கள் இரத்தம் ஆகாது என்று திருப்பி அனுப்பினார்கள். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. மகன் ரிஃப்அத்தான் இடிந்து உட்கார்ந்துவிட்டான்.

“அம்மா, இது வெளியில தெரிய வேணாம். தங்கச்சி நிச்சயம் முடியட்டும்.”

“ஏன், மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என் ஈரலை வறுத்து ரொட்டிக்குள்ள வச்சா சாப்பிடப் போறாங்க?”

“விளையாடாதீங்கம்மா. ஊர் பேசும்.”

“பேசட்டும்டா. உங்கப்பா இதை மறைச்சுத்தான் மூணு வருஷத்தைத் தொலைச்சார். நான் தொலைக்கப் போறதில்ல.”

புது மாத்திரை வந்திருந்த காலம் அது. ஊசி கிடையாது, முடி கொட்டாது, மூன்று மாதம் விழுங்கினால் போதும் என்று பேசிக்கொண்டார்கள். ஊரில் பாதிப்பேர் நம்பவில்லை. சுகாதார நிலையத்தின் டாக்டர் இப்திஹால், முப்பது வயதுகூட ஆகாதவள், கம்ப்யூட்டரில் இன்ஷிராஹின் பெயரைப் பதிந்தாள். ஐந்து வாரம் கழித்து மன்சூராவிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே ஈரலை ஸ்கேன் செய்துவிட்டு, “கொஞ்சம் கெட்டிப்பட்டிருக்கு, தழும்பாகல. நல்ல நேரத்துல வந்தீங்க” என்றார்கள்.

தினமும் இரண்டு மாத்திரை, ஒரே வேளை. சுகாதார நிலையத்தில் பத்து மணிக்கு நோயாளிகள் பெஞ்சில் நிறைந்திருக்கும்போது, அவித்த அவரைப் பருப்பு வைத்த ரொட்டியைத் தின்றுவிட்டு, எல்லோரும் பார்க்க மாத்திரையைப் போட்டுக்கொள்வாள். “நல்லாப் பாத்துக்கங்க. ஷுக்ரிக்குக் கிடைக்காதது இது” என்பாள். நடுவில் ரமலான் வந்தது. நோன்பை விடுவதா, மாத்திரையை விடுவதா என்று பெண்கள் கவலைப்பட்டார்கள். டாக்டர் இப்திஹாலைக் கேட்டுவிட்டு, மாலையில் பேரீச்சம்பழத்தோடு சேர்த்தே விழுங்கினாள். எதையும் விடவில்லை. லேசான தலைவலி, சாயங்காலங்களில் கொஞ்சம் அசதி, அவ்வளவுதான்.

மருந்து முடிந்து மூன்று மாதம் கழித்துப் பார்த்தால்தான் உறுதி. நவம்பரில் தாள் வந்தது. வைரஸ் இல்லை. அன்று வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மூச்சு அழுதாள். சுவர் வழியாகக் கேட்டது. நான் போகவில்லை. அரை மணியில் முகத்தைக் கழுவிக்கொண்டு அவளே என் வீட்டுக்கு வந்து, “ஊர்ல எத்தன பேருக்கு நான் ஊசி போட்டேன் தெரியுமா?” என்றாள்.

அடுத்த வாரத்திலிருந்து, தான் ஊசி போட்டவர்களின் இரத்தத்தைச் சோதிக்க வீடு வீடாகப் போனாள். டாக்டர் இப்திஹால் தடுத்துப் பார்த்தாள்.

“அக்கா, உங்க ஊசியாலதான்னு யாராலயும் நிரூபிக்க முடியாது. எதுக்கு நீங்களே தலையில தூக்கி வச்சுக்கறீங்க?”

“நிரூபிக்கவா போறேன், டாக்டரம்மா? யார் யார் கைன்னு எனக்கு ஞாபகம் இருக்கு. அதான் போறேன்.”

போன வீடுகளில் பெரும்பாலானவர்கள் கை நீட்டினார்கள். நீட்டாதவன் முதவல்லி. அறுவடை இயந்திரம் ஓட்டுபவன், மாடியில் புறாக்கூண்டு வைத்திருப்பவன். பத்து வயதில் அவளிடம் பன்னிரண்டு ஊசியும் போட்டுக்கொண்டவன். அவள் மாடிப்படி ஏறியபோது புறாக்களுக்குச் சோளம் இறைத்துக்கொண்டிருந்தான்.

“என்ன, ஊசி இன்னும் பாக்கி இருக்கா?” என்றான் திரும்பாமலே.

“இது எடுக்கற ஊசி. ஒரு சொட்டு இரத்தம் போதும்.”

“எங்கண்ணன் வயிறு வீங்கிச் செத்தான். அவனுக்கும் நீதான் போட்ட. எனக்கும் நீதான் போட்ட. வாராவாரம் எங்கம்மா உனக்கு முட்டை குடுத்தனுப்புவா. இப்ப வைத்தியமும் நீதான் பாக்கப் போறியா?”

ஷுக்ரி செத்ததைச் சொல்லியிருக்கலாம். டாக்டரின் பஸ்ஸைச் சொல்லியிருக்கலாம். தனக்கும் அதே நோய் வந்ததைச் சொல்லியிருக்கலாம். எதையும் சொல்லவில்லை.

“ஆமா. முட்டையும் வாங்கிக்கிட்டேன். சட்டியில தண்ணி சரியாக் கொதிக்கலன்னு எனக்குத் தெரியும். அதனால இப்படி ஆகும்னு தெரியாது. என் பங்கு இவ்வளவுதான். திட்டணும்னா திட்டு. திட்டி முடிச்சதும் கையை நீட்டு.”

அவன் திட்டவில்லை, கையையும் நீட்டவில்லை. “கீழ எறங்கு” என்றான். மறுநாள் போனாள். கதவு தாழ்ப்பாள் போட்டிருந்தது. நான்காம் நாள் அவன் மனைவி ஸகிய்யா கதவைத் திறந்து, “எனக்கு எடுங்கக்கா” என்று கூடத்திலேயே உட்கார்ந்தாள். புது ஊசியின் உறையை இன்ஷிராஹ் அவள் கண்முன் கிழித்தாள். ஸகிய்யாவுக்கு ஒன்றும் இல்லை. முதவல்லி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

“நான் பயந்துட்டேன்னு ரெண்டு பேரும் நினைக்கிறீங்க.”

“பயமில்லாதவன் எதுக்குத் தாழ்ப்பாள் போடுவான்?” என்றாள் ஸகிய்யா.

அவன் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்தான். இன்ஷிராஹ் இன்னொரு புது உறையைக் கிழித்து இரத்தம் எடுத்தாள். அவனுக்கு இருந்தது. மன்சூரா ஸ்கேனில் ஈரல் தழும்பேறிப் போயிருந்தது. மூன்று மாதம் போதாது, ஆறு மாதம், கூடவே மூன்றாவதாக ஒரு மாத்திரை என்றார்கள். அந்த மூன்றாவது மாத்திரை இரத்தத்தைக் குறைக்கும்; அதனால் இன்ஷிராஹ் அடிக்கடி போய் இரத்தம் எடுத்துப் பார்த்தாள். அவன் உடம்பெல்லாம் சொறிந்துகொண்டான், படி ஏறினால் மூச்சு வாங்கினான், எல்லோரிடமும் எரிந்து விழுந்தான்.

“மாத்திரைதான் இப்படிப் பேச வைக்குது” என்றான்.

“அதுக்கு முன்னால வாயில தேனா ஒழுகிச்சு?” என்றாள் ஸகிய்யா.

இரண்டாம் மாதம் எல்லாவற்றையும் வாய்க்காலில் எறிகிறேன் என்று கிளம்பினான். இன்ஷிராஹ் குறுக்கே நின்று, “எறி. அப்பறம் அந்தத் தண்ணியில எறங்கி நீயே பொறுக்கணும். பில்ஹார்சியாவும் வரும், அதுக்கு நான் ஊசி போட மாட்டேன்” என்றாள். அவன் சிரித்துவிட்டான். அந்த வீட்டில் அவள் முன்னால் அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை. டாக்டர் மூன்றாவது மாத்திரையின் அளவைக் குறைத்தாள். அவன் ஆறு மாதத்தையும் முடித்தான்.

கடைசிச் சோதனையில் அவனுக்கும் வைரஸ் இல்லை. தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “எங்கண்ணன் விஷயத்துல உன்னை நான் மன்னிக்கல” என்றான்.

“நான் கேக்கவும் இல்ல” என்றாள் இன்ஷிராஹ்.

அந்த அறுவடையின்போது அவன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வரப்பில் டீ குடிக்கும் ஆட்களிடம் போய், “யாரெல்லாம் இன்னும் குத்திப் பாக்கல? வெக்கப்படறவன் வயலை நான் அறுக்க மாட்டேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தான். பதினோரு பேர் வந்தார்கள். அதில் நால்வருக்கு இருந்தது. நால்வரும் மாத்திரை முடித்துவிட்டார்கள். சில வருடம் கழித்து அரசாங்க வண்டிகள் ஊர் ஊராக வந்து எல்லோரையும் சோதித்தபோது, எங்கள் ஊரில் எல்லோரும் கையை மடித்துக்கொண்டு தயாராக நின்றதைப் பார்த்து வண்டிக்காரர்களே ஆச்சரியப்பட்டார்கள்.

வைரஸ் போனாலும் தழும்பு அப்படியேதான் இருக்கும், வருடத்துக்கு இரண்டு முறை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று முதவல்லிக்குச் சொல்லியிருக்கிறார்கள். இன்ஷிராஹ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாள். இருந்தாலும் தேதியை நினைவில் வைத்துக்கொண்டு முந்தின நாளே அவன் வாசலில் போய் நின்று, காலை எட்டு மணி வண்டி, வெறும் வயிற்றோடு வா என்று சொல்லிவிட்டு வருகிறாள். போன வாரமும் இருவரும் போய் வந்தார்கள். ஸ்கேனில் புதிதாக ஒன்றும் இல்லை. திரும்பும் வழி முழுக்க, புறாவைச் சமைக்கும்போது அதன் வயிற்றுக்குள் பச்சைக் கோதுமை அடைப்பதா அரிசி அடைப்பதா என்று சண்டை போட்டுக்கொண்டே வந்தார்களாம்.