நான்கு ஓரமும் ஒட்டிய சீட்டு

நனைத்துப் பிழிந்த பஞ்சை, புத்தகப் பக்கத்தில் ஒட்டியிருந்த சீட்டின் ஓரத்தில் வைத்து அழுத்தி, மனத்துக்குள் நூறு வரை எண்ணிவிட்டு, நகத்தால் மெல்ல நெருடிப் பார்த்தன கைகள். அசையவில்லை. மறுபடியும் பஞ்சு, மறுபடியும் நூறு. ஈரம் கூடினால் அடியில் இருக்கும் மை ஊறிப்போகும். குறைந்தால் எழுத்தோடு உரிந்து வரும். தாள் பறக்காமலிருக்க மின்விசிறியை நிறுத்தியிருந்ததால் வியர்வை மூக்கு நுனி வரை வந்து நின்றது. அந்த அம்மாள் அதைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

“வந்துடுமா மேடம்?” எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த ஆய்வு மாணவி கேட்டாள். மடியில் பைண்டு செய்த ஆய்வேடு, ஐந்து பிரதிகள்.

“வரும். நீ என் மேல மூச்சு விடாம கொஞ்சம் தள்ளி உட்காரு. மேடம் எல்லாம் வேணாம், அக்கான்னு கூப்பிடு. இங்க எல்லாரும் அப்படித்தான்.”

எல்லாரும் சொல்வது ‘கோந்து அக்கா’ என்று. முகத்துக்கு நேரே பாதிதான் சொல்வார்கள்.

பல்கலைக்கழகத்தின் விதித் தொகுப்புப் பிரிவில் அவருக்கு இருபத்தொன்பது வருடம். தட்டச்சராக வந்தவர். விதி மாறும்போதெல்லாம் புது விதியை ஒரு சீட்டில் அடித்து, விதிப் புத்தகத்தில் பழையதன் மேல் ஒட்ட வேண்டும். ஒட்டச் சொன்னார்களே தவிர, எப்படி ஒட்டுவதென்று யாரும் சொல்லித் தரவில்லை. அவராகக் கண்டுபிடித்துக்கொண்ட முறை இது: கோந்து மேல் ஓரத்தில் மட்டும், ஒரு விரற்கடை அகலம். சீட்டைத் தூக்கினால் அடியில் பழைய விதி, அதையும் தூக்கினால் அதற்கும் பழையது. புத்தகத்தின் முதல் பக்கமே சொல்கிறது, மாணவர் சேர்ந்த நாளில் எந்த விதி இருந்ததோ அதுவே அவருக்குப் பொருந்தும் என்று. அப்படியிருக்க, பழையதை மூடி மறைத்துவிட்டால் வந்து கேட்பவருக்கு எதைக் காட்டுவது?

இத்தனை வருடத்தில் துணைவேந்தர்கள் பதினொருவர். நடுநடுவே பொறுப்புக் குழுக்கள் நான்கு. ஒருவர் வந்ததும் வருகைப்பதிவு எழுபது சதவீதம் என்பார். அடுத்தவர் எழுபத்தைந்து என்பார். மூன்றாமவர் முன்னவரைப் பிடிக்காத ஒரே காரணத்துக்காக எழுபதுக்கே திரும்புவார். வீராவேசமாகக் கிளம்பும் சுற்றறிக்கைகள் கடைசியில் இந்த மேசைக்கு வந்து, கத்தரிக்கோலுக்கு அடங்கி, நான்கு அங்குலச் சீட்டாகிவிடும். புத்தகம் ஊதிப்போய், மூடி வைக்க நாடா கட்ட வேண்டியிருக்கிறது. அக்கா தோளைத் தேய்த்துக்கொண்டே வீட்டுக்குள் நுழையும் நாள்களில், பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருக்கும் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தே கேட்பார்: “என்ன, ஆள் மாத்திட்டாங்களா? அப்ப இந்த வாரம் அடுப்படி என்னோடது.”

அந்தக் கை ஒரே ஒரு நாள் தவறியது. ஆறு வருடத்துக்கு முன், ஒரு துணைவேந்தரை மதியம் நீக்கினார்கள். மூன்று மணிக்குப் பொறுப்புக் குழு வந்தது. ஐந்து மணிக்குள் முப்பத்தெட்டு விதிகளை மாற்றியது. மறுநாள் மாலைக்குள் எல்லாவற்றையும் ஒட்டி முடிக்க உத்தரவு. அன்றைக்கு வீட்டில் யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனத்திலும் குறை இல்லை. கை சலித்துவிட்டது, அவ்வளவுதான். ஒரு சீட்டுக்கு நான்கு ஓரத்திலும் கோந்தைத் தடவி அழுத்திவிட்டார்.

இந்தப் பெண்ணுக்கு வேண்டிய விதி அதன் அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. ஆய்வுக்குச் சேர்ந்து ஏழு வருடம் ஆகப்போகிறது. ஆறு வருடத்துக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். சேர்ந்த ஏழாம் மாதம் பிரசவத்துக்காக ஒரு வருட விடுப்பு. அதையும் கணக்கில் சேர்த்தால் காலம் கடந்துவிட்டது. சேர்க்காவிட்டால் இன்னும் ஒன்பது நாள் பாக்கி. இப்போதைய விதி சேர்க்கச் சொல்கிறது. திங்கட்கிழமை பொறுப்பேற்கும் புதுத் துணைவேந்தர் முன்கூட்டியே சொல்லி அனுப்பிவிட்டார்: காலம் கடந்த பதிவுகள் மொத்தமாக ரத்து, பட்டியல் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள். இன்று வெள்ளி. மணி இரண்டே கால்.

இணையதளத்தில் இன்றைய விதி மட்டும்தான். பதிவாளர் அலுவலகப் பிரதியை முந்தைய பதிவாளர் சுத்தமாக அடித்துத் தரச் சொல்லி, பழையதைக் கழிவுக்குப் போட்டுவிட்டார். மூலக் கோப்பு, கட்டடம் மாறியபோது எந்த மூட்டையோடு போனதோ.

“சேரும்போதே கவுண்டர்ல சொன்னாங்க அக்கா, லீவு போட்டா அது சேராதுன்னு. எழுதி வாங்கணும்னு தோணலை.”

“யாருக்குத்தான் தோணும்? வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டு சட்டம் பேசுவாங்களா?”

மூன்று மணிக்குச் சற்று முன் ஒரு மூலை எழுந்தது. இரும்பு அளவுகோலை அடியில் நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நகர்த்தினார். சீட்டின் ஒரு முனை கிழிந்தது, மீதி வந்துவிட்டது. அடியில் இரண்டு எழுத்து உரிந்திருந்தாலும் வரி தெளிவாகவே இருந்தது: ‘மகப்பேற்றுக்காக எடுக்கும் விடுப்பு காலவரம்பில் சேராது.’ ஓரத்தில் தேதியும் அக்காவின் சுருக்கொப்பமும்.

மாணவி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். “முடிஞ்சுதா அக்கா?”

அக்கா பக்கத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பக்கம் ஈரமாக இருந்தது. கையெழுத்துக்காகக் கடிதங்களோடு வந்த தபால் பிரிவுக்காரர் எட்டிப் பார்த்தார்.

“என்னக்கா, புத்தகத்துக்கு ஆபரேஷனா? பார்த்தா இன்னிக்கு நீங்களே அடிச்சு உள்ள சொருகின மாதிரி இருக்கே!”

“அதான் யோசிக்கிறேன். நான்தான் தப்பா ஒட்டினேன்னு எழுதிக் கொடுத்தாத்தான் நம்புவாங்க.”

“விளையாடாதீங்க. உதவிப் பதிவாளர் லிஸ்ட் அடுத்த மாசம். மெமோ வாங்கினவங்களுக்கு மூணு வருஷம் பதவி உயர்வு கிடையாதுன்னு போன மாசம் புது விதி வந்துச்சே, நீங்கதானே ஒட்டினீங்க?”

“ஒட்டினேன். மேல் ஓரத்துல மட்டும்.”

அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார். அக்காவுக்கு ஓய்வு பெற இன்னும் மூன்றே வருடம். இந்தப் பதவி உயர்வுப் பட்டியலை விட்டால் அடுத்தது இல்லை.

“அக்கா, உங்களுக்கு ஏதாவது ஆகும்னா...” என்று மாணவி இழுத்தாள்.

“ஆகும். நீ பேசாம இரு. ஒட்டினது நானு, நீ இல்ல.”

கணினி முன்னால் உட்கார்ந்து அடித்தார். விதியை எடுத்தெழுதியது முதல் பத்தி. இரண்டாவது பத்தியைத் திருப்தி வரும்வரை மூன்று தடவை திருத்தினார்: ‘மேற்படி சீட்டு, பிரிவின் நடைமுறைக்கு மாறாக, என்னால் நான்கு ஓரங்களிலும் ஒட்டப்பட்டது. அதனால் இவ்விதி ஆறு ஆண்டுகளாக மறைந்திருந்தது. இன்று என் கையாலேயே பிரிக்கப்பட்டது.’

பதிவாளர் பதவிக்கு வந்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. அக்கா புத்தகத்தோடு கொண்டுவந்து வைத்த குறிப்பை இரண்டு தடவை படித்தார்.

“ரெண்டாவது பத்தி வேணுமாம்மா? விதியை மட்டும் கொடுத்தா போதாதா?”

“பக்கத்தைத் தொட்டுப் பாருங்க சார். அந்தப் பத்தி இல்லன்னா நீங்களே நம்ப மாட்டீங்க.”

அவர் தொட்டுப் பார்த்தார். விரலை மேசைத் துணியில் துடைத்துக்கொண்டார். “இதைப் படிச்சிட்டு நான் மெமோ கொடுக்காம இருக்க முடியாது.”

“தெரியும் சார். முதல்ல ரத்து லிஸ்ட்ல இருந்து அந்தப் பொண்ணு பேரை அடிங்க. மெமோ திங்கக்கிழமை கொடுத்தாலும் வாங்கிக்கிறேன்.”

“திங்கக்கிழமை நான் இந்த நாற்காலியில இருப்பேனான்னே தெரியலை.” பட்டியலில் பெயரைச் சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் கையெழுத்திட்டார். ஆய்வேட்டைப் பெற்றுக்கொள்ளும்படி ஆணையில் ஒப்பமிட்டார். பிறகு பெருமூச்சோடு இன்னொரு தாளை இழுத்து, மெமோவுக்கும் குறிப்பெழுதினார். அக்கா அது முடியும் வரை நின்று, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

ஆணைக்கு எண்ணிட்டு, பதிவேட்டில் ஏற்றி, நகலெடுத்து, முத்திரை வைக்கும்போது நாலே கால். முத்திரை ஒரு பக்கம் மங்கலாக விழுந்திருந்தது. இன்னொரு நகலெடுத்து மறுபடியும் வைத்தார். மை காயும் வரை விசிறினார்.

“மூலம் உன்கிட்டயே இருக்கட்டும், கவுண்டர்ல நகலை மட்டும் கொடு. அஞ்சு பிரதிக்கும் ரசீது வாங்கு. தேதி மட்டும் போட்டா விடாதே, நேரத்தையும் எழுதச் சொல்லு. நாலரைக்கு மூடிடுவாங்க, திங்கக்கிழமை வரைக்கும் விடாதே.”

“அக்கா, நான் உங்களுக்கு...”

“இந்தா, பிடி” என்று இரண்டு தாளையும் நீட்டினார். அவள் ஆய்வேடுகளை மேசை மேல் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்கினாள்.