சுவரில் ஒட்டிய இரண்டு கார்கள்

கோதுமை மாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சும் பசையின் புளித்த வாடை எங்கே வந்தாலும், இலங்கை மலைநாட்டில் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்த, வரிசை வீடான லயத்தின் ஒற்றை அறைக் காம்பிராதான் எனக்கு நினைவுக்கு வரும். தீபாவளிக்கு முன்னால் புகையேறிய சுவரில் காகிதம் ஒட்டுவது எங்கள் வழக்கம். தொரை பங்களா சமையற்காரர் கொடுத்த பழைய சீமைப் பத்திரிகைகளில் ரேஸ் கார் படங்கள் நிறைய வரும். ஒரே ஆள் உட்காரும் வண்டி, நான்கு சக்கரமும் வெளியே தெரியும். "மட்காட் வாங்கக்கூட வக்கில்லாதவனுங்களா?" என்பாள் அம்மா.

அந்தக் கார்களில் இரண்டு கட்சி. மலையும் வளைவுமான பாதையில் மழையிலும் ஓடும் ஐரோப்பியக் கார், தோட்டத்து லொறி ஓட்டிய அப்பாவுடையது. வட்டப் பாதையில் இடப்பக்கமே திரும்பிப் பறக்கும் அமெரிக்கக் கார், ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் "ரோலர்" சுற்றுவதையே நாள்முழுக்கப் பார்த்த சித்தப்பாவுடையது.

"செக்குமாடும் சுத்தத்தான்டா செய்யுது" என்பார் அப்பா.

"ஒங்க வண்டி வளைவுல மூச்சு வாங்குறப்ப, எங்காளு ரெண்டு சுத்து முடிச்சிருப்பாண்ணே" என்பார் கல்யாணமாகாமல் எங்களோடேயே இருந்த சித்தப்பா. இருவருமே அந்தக் கார்களைக் கண்ணால் கண்டதில்லை.

நான் அப்பா கட்சி. ஒன்பது வயதில், ஒரு தீபாவளிக்கு, யாரும் இல்லாத நேரம் பார்த்து சித்தப்பாவின் காரின்மேல் பசையைத் தாராளமாகப் பூசி, அப்பாவின் கார்ப் படத்தை அதன்மேல் ஒட்டி விளிம்புகளையும் அழுத்திவிட்டேன். "பொல்லாத கழுதை" என்று சித்தப்பா சிரித்தார். நல்லநாளில் கிழிக்க வேண்டாமென்று விட்டுவிட்டார். அடியில் போன தன் கார்ப் படத்தின் கீழ் விளிம்பை ஒட்டாமல் பைபோல விட்டு, எலிக்கும் ஈரத்துக்கும் பயந்து அவர் ஒரு கடுதாசியை உள்ளே செருகி வைத்திருந்தது எனக்குத் தெரியாது. அவர் எத்தனை வருடமாக இந்த நாட்டில் வேலை செய்கிறார் என்று பழைய தொரை எழுதிக் கொடுத்தது அது.

அப்பாவும் சித்தப்பாவும் இந்த நாட்டுப் பிரஜாவுரிமை கேட்டு மனுப் போட்டிருந்தார்கள். விசாரணைக்கு அதைக் கொண்டுபோக வேண்டிய காலையில் சித்தப்பா என் கண்ணெதிரே படத்தை உரித்தார். பசை உள்வரை ஊறிக் காய்ந்திருந்தது. கடுதாசி இரண்டாகப் பிளந்து, கையெழுத்து இருந்த பாதி சுவரிலேயே தங்கிவிட்டது. பழைய தொரை சீமைக்குப் போயிருந்தார், புதியவர் கைவிரித்தார்.

"கரப்பான் தின்னுருச்சுண்ணே" என்றார் சித்தப்பா அப்பாவிடம். நான் வாயைத் திறக்கவில்லை. அப்பாவின் மனு ஏற்கப்பட்டது, சித்தப்பாவுடையது தள்ளுபடியானது.

சில வருடங்களில், பிரஜாவுரிமை கிடைக்காதவர்களை அனுப்பியபோது, அவரும் இந்தியாவுக்குக் கிளம்பினார். தலவாக்கலை ஸ்டேஷனில் அப்பா குழந்தைபோல அழுதார். ரயில் நகரப்போகும்போது சித்தப்பா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, தலையைத் தடவி, "ஒங்கப்பா வண்டிதான் ஜெயிச்சுச்சு, தங்கம்" என்றார். அவர் முகத்தில் கோபமே இல்லை. கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

இப்போது அந்த லயமும் இல்லை, சுவரும் இல்லை. அப்பா, சித்தப்பா இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சித்தப்பாவை அந்த ஸ்டேஷனுக்கு அப்புறம் நான் பார்க்கவேயில்லை. என் மகன் தொலைக்காட்சியில் அதே இரண்டு வகைக் கார்களையும் மாறிமாறிப் பார்க்கிறான். "ஒங்களுக்கு எதும்மா புடிக்கும்?" என்று போன வாரம் கேட்டான்.

வட்டத்தில் சுற்றுவதைக் காட்டினேன்.