பரீட்சைக்கு நிறுத்திவைத்த இருதயம்

மருத்துவம் கட்டிலருகே நின்று கற்கும் கல்வி. அங்கே கட்டிலில் கிடப்பவரைத் தவிர மற்ற அனைவருக்கும் மரியாதை உண்டு. வெள்ளை அங்கியோடு அந்த வரிசையின் வாலில் நின்று கால் கடுத்து, வாய் உலர்ந்த சகாக்களே, நான் சொல்லப்போவது உங்களுக்குப் புதிதல்ல. எண்பதுகளின் நடுவில், கிங்ஸ் சர்க்கிளில் பஸ் பிடித்து, பம்பாயின் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் பயிற்சி மருத்துவராகப் போய்வந்தேன். அங்கே கற்றதில் பாதி மருத்துவம், மீதி ஆத்திரம்.

புறப்பாடு

எங்கள் பிரிவுத் தலைவரைச் 'சீஃப்' என்போம். காலையில் அவர் வார்டைச் சுற்றிவருவதற்கு ரவுண்டு என்று பெயர். நான் மனத்துக்குள் புறப்பாடு என்றே சொல்லிக்கொள்வேன். முன்னே சீஃப், அவர் தோளை ஒட்டி விரிவுரையாளர், அப்புறம் நாங்கள், கடைசியில் மாணவர் கூட்டம். ஆனால், கோயில் புறப்பாட்டில் சுவாமி சந்நிதிக்கு வர இயலாதவரையும் தேடி வீதிக்கு எழுந்தருள்கிறார். எங்கள் சீஃபோ நோயாளியின் காலடியில் நின்றும் முகத்தை ஏறிட்டுப் பார்த்ததில்லை. ஒரு வார்த்தை நேரில் பேசியதும் இல்லை. "இவரிடம் சொல்" என்று எங்களில் ஒருவருக்கு ஆங்கிலத்தில் உத்தரவாகும். நாங்கள் அவரவர் பாஷையில் சொல்லவேண்டும்.

தவறான விடை சொன்னவரின் கழுத்திலிருந்து ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி, சலைன் பாட்டில் தொங்கும் கம்பியில் மாட்டிவிடுவது அவர் வழக்கம். ரவுண்டு முடியும்வரை அது அங்கேயே தொங்கும். ஒருநாள் என் சகா குல்கர்னிக்கு அது நேர்ந்தது. காது சிவக்க நின்றான், பாவம். எல்லாரும் சிரித்தார்கள், சிரிக்காதவருக்கு அடுத்த கேள்வி வரும் அல்லவா? கம்பியை அடுத்த கட்டிலில் இருந்தவர் செய்யது பாய். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தாராவியில் தோல்பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். கூட்டம் நகர்ந்ததும் என்னை ஜாடை காட்டி அழைத்துக் கேட்டார்: "டாக்டரம்மா, அந்தப் புள்ள எதையும் களவாண்டுட்டானா?"

மூச்சை நிறுத்துங்கள்

செய்யது பாயின் இருதய வால்வு சுருங்கிப்போயிருந்தது. மூச்சுத் திணறி வந்தவரை மருந்து கொடுத்துச் சற்றே தேற்றியிருந்தோம். அவரை இடப்பக்கம் சாய்த்து, மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்லி, மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் ஓர் உறுமல் கேட்கும். அதைத்தான் 'மர்மர்' என்போம். இத்தனை தெளிவான மர்மர் கிடைப்பது அபூர்வம் என்று சீஃப் திருவாய் மலர்ந்தார். அன்றோடு அந்த மனிதரின் நிம்மதி போயிற்று.

காலையில் ஒரு கூட்டம், மாலையில் ஒரு கூட்டம், பக்கத்து வார்டிலிருந்து விருந்தாளிகள் வேறு. சட்டையைக் கழற்று, திரும்பு, மூச்சை நிறுத்து! மூச்சுக்குத் தவித்து வந்தவரிடமா இதைக் கேட்கிறோம் என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. அவர் பெயரைக் கேட்டவர் இல்லை; சில்லென்ற உலோகத்தை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கியவர் இல்லை. உடம்பு இறைவன் உறையும் ஆலயம் என்று நித்தம் ஓதி வளர்ந்தவள் நான். கருவறைக்குள் செருப்போடு நடப்பவர்களைக் கண்டதுபோல் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு கூட்டம் போனபின் சட்டையை மாட்டிக்கொண்டே பாய் சொன்னார்: "எல்லாரும் கேட்டுட்டுப் போறாவ, டாக்டரம்மா. என்ன கேட்டுச்சுன்னு எங்கிட்ட ஒருத்தரும் சொல்ல மாட்டக்காவ."

யாருடைய பரீட்சை?

வால்வை விரித்துவிடும் அறுவை சிகிச்சைக்கு, வருகிற செவ்வாய்க்கிழமையே இடம் தருவதாக இருதய அறுவைப் பிரிவிலிருந்து சேதி வந்தது. நான் அதை ரவுண்டில் மகிழ்ச்சியோடு சொன்னேன். சீஃப் கையை அசைத்தார். "அடுத்த மாதம் இறுதியாண்டுப் பரீட்சை. அறுவை முடிந்தால் இந்த மர்மர் போய்விடும். அதுவரை இவர் இங்கேயே இருக்கட்டும்." மாணவர்களைப் பார்த்து ஒரு புன்னகை வேறு. நல்ல நோய்க்குறி உள்ளவர்களைப் பரீட்சைக்கு நிறுத்திவைப்பது அந்நாளைய வழக்கம்தான். ஆனால் இவருக்கு எந்த நேரத்திலும் நுரையீரலில் மறுபடி நீர் கோத்துவிடலாம் என்பதை எங்களுக்குப் போதித்தவரே அவர்தாம்! கட்டிலருகே பாயின் மனைவி ஆமினா, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு எங்கள் முகங்களை மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் சில வாரம் கவனிக்கவேண்டும் என்று இவரிடம் சொல்" என்று எனக்கு உத்தரவாயிற்று. பொய்யை மொழிபெயர்க்க என் நாக்கு எழவில்லை. "பாய், செவ்வாய்க்கிழமை ஆபரேஷனுக்கு இடம் இருக்கு. மாணவர்களுக்குப் பரீட்சை வருது, அதுக்கு உங்க இருதயச் சத்தம் வேணுமாம், அதனால தள்ளிவைக்கச் சொல்றார்" என்றேன். "தள்ளிவச்சா என்ன ஆகும்?" என்றார் பாய். "திரும்பவும் மூச்சு முட்டலாம். உயிருக்கே ஆபத்தாகலாம்" என்றேன். ஆமினா விசும்பினார். பாய் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். அந்த வார்டில் எந்த நோயாளியும் செய்யாததைச் செய்தார்: என்னை விட்டுவிட்டுச் சீஃபையே நேராகப் பார்த்து, பம்பாய் ஹிந்தியில் பேசினார். பரீட்சை அவர்களுடையது, இருதயம் என்னுடையதாயிற்றே என்று பொருள்படச் சொன்ன வார்த்தைகள் இவை: "சாப், இம்திஹான் உன்கா ஹை, தில் தோ மேரா ஹை நா?"

வீணாய்ப் போனது

வார்டு முழுதும் திரும்பிப் பார்த்தது. சீஃப் அடுத்த கட்டிலுக்குப் போனார். அத்தனை பேர் காதிலும் விழுந்தபின் நிறுத்திவைக்க இயலாது என்று விரிவுரையாளர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். அன்று பகலே அறுவைப் பிரிவுக்கு மாற்ற உத்தரவெழுதிக் கையொப்பமிட்டார். செவ்வாய்க்கிழமை அறுவை நடந்தது. சில நாள் கழித்துப் போய்ப் பார்த்தேன். தலையணையில்லாமல் மல்லாந்து படுத்து, வாய் திறந்து அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார் பாய். "மட்டமாப் படுத்து இவுக தூங்கி ஒரு வருசமாச்சு, டாக்டரம்மா. எழுப்பிராதீங்க" என்றார் ஆமினா. எழுப்பாமல் வந்தேன்.

அந்தப் பயிற்சிக்காலம் முடியும்வரை சீஃப் ரவுண்டில் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை; தண்டனை என்று நினைத்தார், நான் வரமாகவே எடுத்துக்கொண்டேன். பரீட்சை நாளன்று அந்தக் கட்டிலில் வேறொருவர், மஞ்சள் காமாலைக்காரர், படுத்திருந்தார். விரிவுரையாளர் என்னருகே வந்து நின்று, உண்மையான துக்கத்தோடு பெருமூச்செறிந்து சொன்னார்: "எவ்வளவு நல்ல மர்மர்! ஆபரேஷன் செய்து வீணாக்கிவிட்டார்களே."

இருதயத்தின் ஓசை ஒவ்வொன்றையும் பிழையறக் கேட்க எங்களுக்குக் கற்பித்த அந்தப் பெருமக்கள், இருதயத்துக்கு உரியவர் வாய் திறந்தால் கேட்பதை மட்டும் பாடத்திட்டத்தில் சேர்க்க மறந்துவிட்டார்கள்.