வேலை இல்லை என்று நான் போட்ட புள்ளடிகள்

என் மனைவிக்கு உடம்பில் எங்கே என்ன நோகிறது என்பதை வைத்தியருக்குப் பல வருடங்களாக நான்தான் சொல்லிவந்தேன். அவள் தமிழில் சொல்வாள், நான் பிரெஞ்சில் சொல்வேன். என் பிரெஞ்சு, பாரிஸின் லா ஷப்பல் உணவகக் குசினிகளில் பொறுக்கியது. மரக்கறிக்காரனோடு சண்டை பிடிக்கப் போதும், வயிற்றுவலிக்குக் கொஞ்சம் இடிக்கும். ஆனாலும் எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. அவளுக்கோ ஒழுங்காகப் பிரெஞ்சு படித்துத் தானே வைத்தியரோடு கதைக்க வேண்டும் என்று ஆசை. பெண்களுக்கான இலவச வகுப்பு லா ஷப்பலில் பிற்பகல் இரண்டு மணிக்கு நடந்தது. அந்த நேரத்தில் அவளால் போக முடியாது.

எங்கள் இலங்கைத் தமிழ்ப் பெண்கள் யாருமே அங்கே போகவில்லை. ஆகவே அவர்களுக்கென்று இன்னொரு வகுப்பு வேண்டும் என்று வகுப்பை நடத்திய சங்கம் கேட்டது. தேவை இருப்பதைக் காட்டுங்கள், பார்க்கலாம் என்றது வகுப்புக்குப் பணம் கொடுக்கும் நகரசபை அலுவலகம். அதைக் காட்டும் பொறுப்பு சங்கத்தில் இருந்த ஒரு மதாமிடம் வந்தது. தாய் மாலி நாட்டுக்காரி, இவள் பாரிஸின் ஸ்டாலின்கிராட் பகுதியில் பிறந்து வளர்ந்தவள். முப்பது வயது இருக்கும். எங்கள் உணவகத்துக்கு ரோல்ஸ் சாப்பிட வருவாள். கேள்வித்தாளைத் தமிழாக்க ஆள் தேடுகிறேன் என்றாள். என் வாய் சும்மா கிடக்காது, நான் செய்கிறேன் என்றுவிட்டேன். கணக்கெடுத்து என்ன கிழிக்கப்போகிறாள் என்றுதான் உள்ளுக்குள் நினைத்தேன்.

அலுவலகத்தின் பட்டியலில் எல்லோருக்கும் ஒரே கட்டம்: வெளிநாட்டுப் பிரஜைகளான பெண்கள். அந்தக் கட்டத்தைப் பார்த்தால் வகுப்பு நிறைந்திருந்தது, குறை ஒன்றும் இல்லை. மதாம் அதைப் பிரித்தாள். நிறம் என்ன, இனம் என்ன என்று எழுதிக் கேட்க இந்த நாட்டில் லேசில் விடமாட்டார்கள். அதனால் தாய் பிறந்த ஊர், வீட்டில் பேசும் மொழி, வயது, பிள்ளைகள், வேலை என்று கேட்டாள். பிரித்ததும் எங்கள் பெண்கள் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. பாண்டிச்சேரிப் பெண்களின் நிலை அதைவிட வேடிக்கை. பிறந்ததிலிருந்தே பிரெஞ்சுப் பிரஜைகள் என்பதால், பிரெஞ்சு தடுமாறுகிறவர்கள்கூட எந்தக் கட்டத்திலும் இல்லை.

நான் தாள்களோடு வீடு வீடாகப் போனேன். பாரிஸ் புறநகரான லா கூர்னெவ்வில் எங்கள் மாடிக் கட்டடத்திலேயே பாதி முடிந்தது. “வேலை செய்யிறீங்களோ?” என்று கேட்டால் எல்லாரிடமும் ஒரே பதில்தான். “இல்லை அண்ணை, சும்மா வீட்டிலைதான்.” நானும் ‘இல்லை’ என்ற கட்டத்தில் புள்ளடி போட்டுக்கொண்டே போனேன். என் மனைவியின் தாளை அவளிடம் கேட்காமலே நிரப்பினேன். வேலை இல்லை. அவளைப் பற்றி எனக்குத் தெரியாததா?

மதாம் தாள்களை எங்கள் உணவக மேசையில் பரப்பி வைத்து வெகுநேரம் பார்த்தாள். அலுவலகம் இதைப் பார்த்தால், வீட்டில் சும்மா இருந்தும் வகுப்புக்கு வராதவர்கள், படிக்க விருப்பம் இல்லாதவர்கள் என்று முடித்துவிடும் என்றாள். பிறகு தட்டில் இருந்த ரோல்ஸைக் காட்டி, “இதைச் செய்வது யார்?” என்று கேட்டாள்.

இந்தத் தெருவில் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் இருக்கும் ரோல்ஸும் பற்றிஸும் எங்கள் பெண்களின் வீட்டு அடுப்பில் இருந்துதான் வருகின்றன. என் மனைவி விடிய ஐந்து மணிக்கு மா குழைக்கிறாள். சம்பளத் துண்டு வந்தால்தான் வேலை என்பது எங்கள் வழக்கம். அதை அவளும் நம்பினாள், நானும் நம்பினேன். மதாம் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

‘வேலை செய்யிறீங்களோ?’ என்ற கேள்வியை அவள் வெட்டினாள். ‘நேற்று எத்தனை மணிக்கு எழும்பினீர்கள்? பிறகு? அதற்குப் பிறகு?’ என்று நாளை மணித்தியாலங்களாகப் பிரித்தாள். இந்த முறை தானும் என்னோடு படியேறி வந்தாள். பெண்களின் பெயரை எழுதவில்லை. குறுக்கே பேசவில்லை. ஒருத்தி உருளைக்கிழங்கு உரித்தபடி பதில் சொன்னால், இவளும் ஒரு கத்தியை எடுத்து உரித்தாள். எண்களோடு வேலை செய்கிறவர்களுக்கு மனிதர்களைத் தெரியாது என்ற என் எண்ணம் அந்தக் குசினிகளில்தான் கழன்றது. இவ்வளவு பொறுமையாக எங்கள் பெண்களிடம் யாரும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை, நான் உட்பட.

கடைசியில் எங்கள் வீடு. மனைவி ரோல்ஸ் சுற்றிக்கொண்டே நாளைச் சொன்னாள், எழுதுவதற்குத் தாளில் இடம் போதவில்லை. அவளுக்கும் மற்றவர்களைப் போல் பகல் பதினொன்றிலிருந்து ஒரு மணிவரைதான் கை ஓய்வு. தாளின் முடிவில் வைத்தியரைப் பற்றிய கேள்விகள். உங்களுக்காக யார் பேசுகிறார்?

“இவர்தான்.”

அடுத்த கேள்வியையும் நானே தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. “அப்பிடிப் பேசேக்கை, வைத்தியரிட்டைச் சொல்லாமல் விட்டது ஏதும் இருக்கோ?”

அவள் கை நின்றது. “ஓம். இருக்கு.”

“என்னது?” என்றேன். மதாம் கேட்காத கேள்வி அது.

“அதை உங்களை வைச்சுக்கொண்டு சொல்லேலாது.”

மதாம் என் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தாள். நான் அந்த வாக்கியத்தைப் பிரெஞ்சில் சொன்னேன். அவள் தலையை ஆட்டி, ஒரு புள்ளடி போட்டாள். எனக்குக் கோபமும் வந்தது, வெட்கமும் வந்தது. வெட்கம்தான் நெடுநாள் நின்றது.

அதே இடத்தில் பல தாள்களில் புள்ளடி இருந்தது. மற்ற நாட்டுப் பெண்கள் சிலருக்குப் பிள்ளைகள் பேசினார்கள், எங்களுக்குப் புருஷன்மார். அலுவலகத்துக் கூட்டத்தில் மதாம் குரலை உயர்த்தாமல், தாளைத் தாளாக வைத்து இதைக் காட்டினாள். பதினொன்றேகாலுக்கு ஒரு வகுப்பு கிடைத்தது. என் மனைவி எண்ணெய் வாசனையோடு போய் முதல் வரிசையில் இருந்தாள்.

அடுத்த வைகாசியில் வைத்தியசாலைக்குப் போனோம். பெயர் கூப்பிட்டதும் வழக்கம்போல நானும் எழும்பினேன்.

“நீங்கள் இருங்கோ,” என்றாள்.

கதவு மூடிக்கொண்டது. உள்ளே அவள் பிரெஞ்சு பேசுவது கேட்டது. வினைச்சொற்கள் எல்லாம் பிழை. வைத்தியர் இடையில் ஏதோ கேட்டார், அவள் திரும்பவும் சொன்னாள். என்னோடு போனால் ஐந்து நிமிடத்தில் முடிகிற சந்திப்பு அன்றைக்கு அரை மணித்தியாலத்துக்கு மேல் போனது.