ஒரு தட்டில் இரண்டு பேர்

செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் அப்போது எடை பார்க்கும் இயந்திரம் ஒன்று இருந்தது. ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். கண்ணாடிக்குள் சிவப்பும் பச்சையுமாகச் சின்ன பல்புகள் சுற்றிக்கொண்டே இருக்கும். காசு போட்டால் ஒரு அட்டை வந்து விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் நடிகை படமும் ஒரு வரி ஜோசியமும். ஒன்பதாம் வகுப்பில் என்னோடு படித்தவர்கள் ஒரு சாயங்காலம் என்னை இழுத்துப்போய் அதன்மேல் ஏற்றினார்கள். நானும் பெரிதாக முரண்டு பிடிக்கவில்லை. என் எடையை வைத்து அவர்கள் பந்தயம் கட்டியிருந்தது அட்டை விழுந்த பிறகுதான் தெரிந்தது. மறுநாள் காலை அந்த அட்டை கரும்பலகையின் மூலையில் சோற்றுப் பருக்கையால் ஒட்டப்பட்டிருந்தது. அந்த எண்ணை இங்கே எழுதப் போவதில்லை. பின்பக்கத்து ஜோசியம் நினைவிருக்கிறது: நண்பர்கள் உங்களைத் தேடி வருவார்கள்.

கணக்கு வாத்தியார் அதைப் பார்த்தார். கிழித்துப் போடுவார் என்று நினைத்தேன். படித்துவிட்டுச் சிரித்தார். பிறகு பாடம் நடத்தினார்.

அன்று மதியம் டிபன் பாக்ஸைத் திறந்ததும் நாலைந்து தலைகள் என் பக்கம் திரும்பின. நான் வைக்கும் ஒவ்வொரு வாயையும் ஒருவன் சத்தமாக எண்ணினான். ஆறாவது வாயில் மூடிவிட்டேன். அதற்குப் பிறகு யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குச் சோறு இறங்காது. யாரும் பார்க்காத இடத்தில் இரண்டு மடங்கு இறங்கும். பள்ளியில் சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் சாப்பிட்டேன். வீட்டில் எல்லோரும் எழுந்து போன பிறகு அடுப்படியில் நின்றபடி சாப்பிட்டேன். அந்த வருஷம் முழுப் பரீட்சைக்கு நான் போகவில்லை. என்னைத் தேடி யாரும் வரவுமில்லை.

அடுத்த ஐந்தாறு வருஷம் பாலாற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சுற்றினேன். செங்கல் சூளை, லாரியில் கிளீனர், கேளம்பாக்கம் பக்கம் உப்பளம், மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் தட்டு கழுவுவது. உப்பளத்தில் காலெல்லாம் புண் வந்தது, பிறகு ஆறியது. லாரியில் மூன்று மாதச் சம்பளம் வரவில்லை, இறங்கி வந்துவிட்டேன். கேட்டவர்களிடம் எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது என்று சொல்வேன். அது பாதி உண்மை. எந்த வேலை இடமானாலும் மத்தியானமானால் எல்லோரும் வட்டமாகச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள் என்பதுதான் மீதிப் பாதி. ஒரு வாரம் வயிறு சரியில்லை என்பேன். இரண்டாவது வாரம் வெளியே சாப்பிட்டுவிட்டேன் என்பேன். மூன்றாவது வாரம் யாராவது கேள்வி கேட்க ஆரம்பிப்பார்கள். நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

அப்படிக் கிளம்பித்தான் சதுரங்கப்பட்டினம் கடற்கரைக்கு வந்தேன். எனக்கு அப்போது இருபது வயது இருக்கும். பழைய டச்சுக் கோட்டையின் சுவருக்கு நேர் கீழே மணலில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். படகில் போய் வலையைக் கடலில் அரைவட்டமாக விட்டுவிட்டு வருவார்கள். வலையின் இரண்டு முனைக் கயிறுகளையும் கரையில் இரண்டு வரிசையாக நின்று இழுக்க வேண்டும். ஒரு வரிசையில் ஆள் குறைந்தது. கை கொடுத்தேன். வலைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வழக்கமாக வரும் பேச்சு வரும் என்று காத்திருந்தேன்.

"நீ கடைசில நில்லு. உன்னிய அலை இட்டுகினு போவாது" என்றார்.

கயிற்றின் கடைசி ஆளுக்கு ஒரு வேலை உண்டு. அலை திரும்பும்போது வலையையும் சேர்த்து உள்ளே இழுக்கும். அப்போது முன்னால் நிற்பவர்கள் கையைத் தளர்த்தி மூச்சு வாங்கிக்கொள்வார்கள். கடைசி ஆள் மட்டும் இடுப்பில் பட்டையைச் சுற்றி, குதிகாலை மணலில் புதைத்து, பின்னால் சாய்ந்து, வந்த கயிறு திரும்பிப் போகாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு அது முதல் நாளே வந்தது. ஒரு வாரத்தில் எனக்கு நங்கூரம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதுவரை எனக்கு வைத்த பெயர்களில் கூப்பிட்டதும் நான் திரும்பிப் பார்த்தது அதற்குத்தான்.

சாப்பாடு கரையிலேயே. வலைக்காரரின் மனைவி மீனைப் பங்கு பிரித்து, விற்பதைக் கூடையில் போட்டு அனுப்பிவிட்டு, குழம்பு மீனைத் தனியே எடுத்துப் படகு நிழலில் அடுப்பு மூட்டுவார். முப்பது வயது இருக்கும், எல்லோருக்கும் அக்கா. அங்கே ஒரு வழக்கம்: பெரிய அலுமினியத் தட்டில் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். தட்டு குறைவு, கழுவத் தண்ணீரும் குறைவு. என்னோடு உட்கார்ந்தவனை ஈர்க்குச்சி என்று கூப்பிட்டார்கள். என் வயதுதான். அவனுக்கு இரண்டு இடத்தில் பெண் பார்த்து இரண்டும் தட்டிப்போயிருந்தது. காற்றடித்தால் மாப்பிள்ளை பறந்துவிடுவான் என்று பெண் வீட்டில் யாரோ சொன்னதாகத் தரகர் வந்து சொல்லியிருந்தார். அதிலிருந்து அவன் தினமும் பச்சை முட்டை குடித்தான். வெளியே போகும்போது சட்டைக்குள் இன்னொரு சட்டை போட்டான். தட்டில் சோறு விழுந்ததும் தலையைக் குனிந்தான் என்றால் நிமிர மாட்டான். அவன் என்னைப் பார்க்கவே இல்லை என்பதால் என்னால் கொஞ்சம் சாப்பிட முடிந்தது. நாலு மாதம் நன்றாகவே போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கல்பாக்கம் டவுன்ஷிப்பிலிருந்து ஒருவர் மீன் வாங்க வந்தார். மனைவி, குழந்தைகள், கழுத்தில் காமிரா. வலை ஏறி முடிந்திருந்தது. படத்துக்காக ஒரு தடவை கயிற்றை இழுத்துக் காட்டச் சொன்னார். எல்லோரும் சிரித்துக்கொண்டே வரிசையில் நின்று வெறும் கயிற்றை இழுத்தோம். அவர் காமிராவைக் கண்ணில் வைத்தார், இறக்கினார், என்னிடம் வந்தார்.

"தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க மட்டும் கொஞ்சம் தள்ளி நின்னுக்கறீங்களா? மீனவர் மாதிரி தெரியல, அதான்."

அவர் கெட்டவர் இல்லை. மரியாதையாகத்தான் கேட்டார். நான் பட்டையை அவிழ்த்துவிட்டு நகர்ந்து நின்றேன். அவர் படம் எடுத்தார்.

அன்று மதியம் தட்டில் கையை வைத்தேன், எடுத்துவிட்டேன்.

"எனக்கு வேணாம். நீயே துன்னு" என்று ஈர்க்குச்சியின் காதில் சொன்னேன்.

"நெஜமாவா?"

"நெஜமாதான். யாராண்டயும் சொல்லாத."

"நான் இன்னாத்துக்கு மச்சான் சொல்றேன்."

ஒரே தட்டு என்பதால் வெளியே தெரிய வழியில்லை. தட்டு காலியானால் இரண்டு பேரும் சாப்பிட்டதாகத்தான் கணக்கு. நான் விரலைக் குழம்பில் தொட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். மற்ற வேளைக்கு டீயும் ஒரு பன்னும். அவன் இரண்டு பேர் சோற்றையும் மூச்சு விடாமல் சாப்பிட்டான். அவனுக்குச் சதை போட வேண்டும், எனக்குக் குறைய வேண்டும். இதைவிடச் சரியான ஏற்பாடு இருக்க முடியாது என்று இரண்டு பேரும் நம்பினோம்.

எனக்குக் குறைந்தது. லுங்கியை இறுக்கி முடிய வேண்டியிருந்தது. டீக்கடையில் ஒருவர் இப்போதுதான் ஆள் மாதிரி இருக்கிறாய் என்றார். அந்த ஒரு வார்த்தையில் பத்து நாள் ஓட்டினேன். தலை சுற்றியது, பல் துலக்கினால் ரத்தம் வந்தது, வெயிலிலும் குளிர்ந்தது. அதையெல்லாம் ஜெயிப்பதற்கான அடையாளம் என்று எடுத்துக்கொண்டேன். ஈர்க்குச்சிக்கு ஒரு சுற்றும் ஏறவில்லை. வயிற்றுவலி மட்டும் வந்தது.

அக்காதான் முதலில் கவனித்தார். அவருக்குத் தோன்றிய காரணம் ஒன்றே ஒன்று: கண் பட்டுவிட்டது. ஏனென்றால் வலைக்காரர் அடுத்த குப்பத்து வலைக்காரர்களிடம் என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசியிருந்தார். எங்கள் நங்கூரம் போல உங்களிடம் ஒருத்தன் உண்டா என்று. அவர்கள்தான் கண் வைத்துவிட்டார்கள் என்று முடிவாயிற்று. என்னைக் கிழக்கே பார்த்து நிற்கவைத்து, உப்பும் காய்ந்த மிளகாயும் என் காலடி மணலும் எடுத்து மூன்று சுற்று சுற்றி அடுப்பில் போட்டார். மிளகாய் நெடி வரவில்லை, பார்த்தீர்களா என்று எல்லோரிடமும் காட்டினார். எனக்கு மூக்கெல்லாம் எரிந்தது, சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் இரண்டு பேர் அடுத்த குப்பத்தில் போய்ச் சண்டையும் போட்டுவிட்டு வந்தார்கள்.

மழைக்கு முன்னால் நெத்திலி கூட்டமாகக் கரைக்கு வரும். அப்படி ஒரு காலை. மீன் சேரும் வலையின் மடி கனத்து வந்தது. அலை திரும்பியதும் முன்னால் கையைத் தளர்த்தினார்கள். நான் குதிகாலைப் புதைத்துச் சாய்ந்தேன். கயிறு என்னை இழுத்தது. மணலில் இரண்டு கோடு போட்டபடி நான் முன்னால் போவது தெரிந்தது. நிற்க முடியவில்லை. கண் இருட்டியது. விழுந்த என்னையும் சேர்த்துக் கயிறு பத்தடி இழுத்துப்போனதாகச் சொன்னார்கள். எங்கள் பக்கம் வலை தளர்ந்து, மீனில் பாதி வெளியே போய்விட்டது.

கல்பாக்கம் பக்கத்து டாக்டர் ஒருவரிடம் கொண்டு போனார்கள். வலைக்காரர், அக்கா, ஈர்க்குச்சி, இன்னும் இரண்டு பேர். டாக்டர் நாடி பிடித்துவிட்டு, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் வலைக்காரர் சொன்னார்.

"அதெல்லாம் வஞ்சனை இல்லாத துன்றான் சார். இவனும் அவனும் ஒரே தட்டு."

டாக்டர் ஈர்க்குச்சியைப் பார்த்தார். அவன் அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான்தான் துன்னேன் சார்" என்றான். "மூணு மாசமா எல்லாத்தையும் நான்தான் துன்னேன்."

டாக்டர் அவனை ஒரு முறை முழுதாகப் பார்த்தார். வலைக்காரரும் பார்த்தார்.

"டேய், அவ்ளோவும் எங்கடா போச்சு?"

அந்த அறையில் நான் உட்பட எல்லோரும் சிரித்தோம். அவன் மட்டும் அழுதான்.

போன மீனைப் பற்றி யாரும் பேசவில்லை. அக்காவுக்குத்தான் கோபம், மிளகாய் வீணாகப் போயிற்றென்று. கோபம் ஆறியதும் ஏன் இப்படி என்று கேட்டார். படம் எடுத்தவர் சொன்னதைச் சொன்னேன்.

"அந்தப் படத்துல நமக்கு ஒண்ணாவது குட்த்தானா?"

"இல்லக்கா."

"அப்ப போட்டும்."

பிறகு, யாராவது பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது என்பதையும் சொன்னேன். யாரிடமும் அதுவரை சொன்னதில்லை. அவர் கரண்டியைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"எனக்கு மட்டும் எறங்குதா? அத்தினி ஆம்பளையும் துன்னு எய்ந்தப்புறம், சட்டிய வழிச்சிகினு அப்பால போறேன். எவனாவது பாத்துகினு கீறானான்னு திரும்பித் திரும்பிப் பாத்துகினே துன்றேன்."

எனக்கு அது தோன்றியதே இல்லை. அரை வருஷத்துக்கு மேல் அந்தக் கையால் சோறு வாங்கியும் அவர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

மறுநாளிலிருந்து எனக்குத் தனித் தட்டு. கரையில் ஏற்றி வைத்த படகுக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் அக்கா தன் தட்டோடு, மற்றவர்கள் சாப்பிடும் அதே நேரத்துக்கு உட்கார்ந்தார். தனக்கும் பசிக்கும்தானே என்றார், அவ்வளவுதான். ஒருவரையொருவர் பார்க்க முடியாது. சத்தம் மட்டும் கேட்கும். முள்ளைத் துப்பும் சத்தம், தட்டை வழிக்கும் சத்தம். டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும் என்றிருந்தார். முதல் வாரம் கஞ்சி. பிறகு சோறு.

"நான் இன்னும் ஒரு கை போட்டுக்கறேன். நீ?" என்று படகுக்கு அப்பாலிருந்து குரல் வரும்.

சில நாள் எனக்கு வேண்டாம் என்பேன். கட்டாயப்படுத்த மாட்டார். சில நாள் நானும் என்பேன்.

உடனே சரியாகிவிடவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. நடுவில் இரண்டு தடவை பழையபடி தட்டை மணலில் கவிழ்த்திருக்கிறேன். ஆனால் படகைச் சுற்றி நாங்கள் உட்காரும் இடம் மெதுவாக நகர்ந்தது. முதலில் படகின் முனை, பிறகு ஒரே பக்கம், பிறகு ஆண்கள் உட்காரும் வட்டத்தின் ஓரம். அக்காவும் அங்கேயே உட்கார்ந்தார். வலைக்காரர் ஒரு நாள் விநோதமாகப் பார்த்துவிட்டு, உப்பை இந்தப் பக்கம் தள்ளு என்றார். எனக்கு உடம்பு திரும்ப வந்தது. கயிற்றின் கடைசி இடமும் வந்தது.

அதற்குள் ஈர்க்குச்சிக்கு மூன்றாவது இடத்தில் பெண் அமைந்தது. பெண் பார்க்கப் போன அன்று அவசரத்தில் உள்சட்டை போட மறந்துவிட்டான். பெண் வீட்டார் ஃபைபர் படகு எதிலாவது பங்கு உண்டா என்று கேட்டார்கள், குடிப்பானா என்று கேட்டார்கள். அவன் உடம்பைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. இவன் வெளியே வந்து, முட்டைக்கு மட்டும் எவ்வளவு செலவாகியிருக்கும் என்று புலம்பினான்.

கல்யாணப் பந்தி என்றால் சின்ன வயதிலிருந்தே நான் கடைசிப் பந்திக்காரன். ஈர்க்குச்சி தன் கல்யாணத்தில் என் கையைப் பிடித்து முதல் பந்தியில் நடுவில் உட்காரவைத்துவிட்டான். எதிர் வரிசையில் முன்பின் தெரியாத இருபது முகங்கள். பாதியில் வீடியோக்காரர் வந்தார். கூட ஒருவன் பெரிய விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. அந்தக் காலத்துக் கல்யாண வீடியோக்களில் பந்தியை இலை இலையாக எடுக்காமல் விட மாட்டார்கள். வெளிச்சம் வரிசையில் நகர நகர ஒவ்வொருவராக மெல்லுவதை நிறுத்தி இலையைப் பார்த்தார்கள். பக்கத்து இலைவரை வந்துவிட்டது. எழுந்து போக எனக்கு நேரம் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து கேசட் வந்தது. ஈர்க்குச்சி வீட்டில் எல்லோரும் டிவி முன்னால் தரையில் உட்கார்ந்தோம். தாலி கட்டு, மாலை மாற்று, பிறகு பந்தி. நான் சாப்பிடுவதை நான் அதுவரை பார்த்ததில்லை. திரையில் அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தேன். வெளிச்சம் முகத்தில் விழுந்ததும் நிமிர்ந்தேன், கண் கூசியது. பிறகு குனிந்து வாயில் வைத்தேன், மென்றேன், ரசத்துக்குக் கையைக் காட்டினேன். வெளிச்சம் அடுத்த இலைக்குப் போனது. சாப்பிடுகிற ஒருத்தன் எப்படி இருப்பானோ அப்படித்தான் இருந்தேன்.

அக்கா தன் புடவை நன்றாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு வாட்டி ஓட்டு" என்று ஈர்க்குச்சியிடம் சொன்னேன்.